பெட்டி எங்கே, சாவி யாரிடம்? எல்லை ஊரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு ஃபென்டனில் கையேடு

"நார்கன் இருக்கா?" என்று என் மகன் படிக்கும் உயர்நிலைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டேன். போதை மருந்தால் நின்றுபோகும் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் மூக்கு ஸ்ப்ரே அது. இருக்கிறது என்றார்கள். எங்கே? நர்ஸ் அறையில், பூட்டிய அலமாரியில். சாவி? நர்ஸிடம். நர்ஸ் இன்றைக்கு வந்திருக்கிறாரா? இல்லை, வாரத்தில் இரண்டு நாள்தான் இங்கே, மற்ற நாள்களில் வேறு பள்ளிகளுக்குப் போய்விடுவார்.

மூச்சு நின்ற பிள்ளைக்கு மூளை பாதிக்கப்பட நாலைந்து நிமிடம் போதும். அந்தப் பள்ளியில் மருந்து இருந்தது, தாளில் திட்டம் இருந்தது. சாவி மட்டும் வேறு ஒரு பள்ளியில், ஒருவருடைய கைப்பைக்குள் இருந்தது. ஃபென்டனில் என்ற கொடிய செயற்கைப் போதை மருந்து விஷயத்தில் நம் ஊர் நிலைமை பெரும்பாலும் இதுதான். நல்ல தீர்மானங்கள் போட்டிருக்கிறார்கள், பணமும் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தத் தீர்மானம் ஒரு இழுப்பறை வரை, ஒரு சுவர் வரை வந்து சேர வேண்டுமென்றால் யாராவது போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் சான் டியாகோவில் மீரா மேசா பக்கம் 16 வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி. ஒரு மருந்துக்கடையில் டெக்னீஷியன் வேலை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் அம்மாக்கள் கேட்கும் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லிச் சொல்லி, சரி, எழுதியே வைத்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதலில், நாம் இருக்கும் இடம்

எங்கள் வீட்டிலிருந்து சான் இசிட்ரோ என்ற மெக்சிகோ எல்லை வாயில் காரில் அரை மணி நேரம். எங்கள் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஃபென்டனிலால் 2019இல் இறந்தவர்கள் 151 பேர். 2021இல் அது 800ஐத் தாண்டியது. 2022 ஜூனில் கவுண்டி மேற்பார்வையாளர் குழு இதைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்தது. நாடு முழுவதும் 2023இல் போதைப்பொருள் மிகையால், அதாவது ஓவர்டோஸால், இறந்தவர்கள் ஏறக்குறைய 1,05,000 பேர். 2024இல் அது சுமார் 80,000 ஆக இறங்கியது. இறங்கியது நல்ல செய்திதான். ஆனால் 80,000 என்பது ஒரு சிறிய நகரத்தின் மக்கள்தொகை.

ஃபென்டனில் ஹெராயினைவிடச் சுமார் 50 மடங்கு வீரியம் கொண்டது. 2 மில்லிகிராம், அதாவது பத்துப் பதினைந்து தூள் உப்புத் துகள் அளவு, ஒருவரைக் கொன்றுவிடலாம். இது பொடியாக மட்டும் வருவதில்லை. ஒரு பக்கம் எம், மறுபக்கம் 30 என்று அச்சிட்ட நீல மாத்திரையாக வருகிறது. தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை, பரீட்சைக்காக விழித்திருக்கும் மாத்திரை என்ற பெயர்களிலும் வருகிறது. மருந்துக்கடையில் நாள் முழுக்க மாத்திரை எண்ணுகிற எனக்கே போலியையும் அசலையும் பார்வையால் பிரிக்க முடியாது. அப்படி இருக்கும்போது பிள்ளைகள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது பாலைவனத்தில் நடந்து வருகிற ஏழைகளின் முதுகில் ஏறி வருகிறது என்று நம் ஆட்களே பேசிக் கேட்டிருக்கிறேன். எல்லையில் பிடிபடுவதில் பெரும்பகுதி சான் இசிட்ரோ, ஓட்டாய் மேசா மாதிரியான முறையான வாயில்களில், வாகனங்களுக்குள் மறைத்து வைத்தது. இதற்காகத் தண்டனை பெறுகிறவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். தவறான ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் வருவதை நாம் கவனிக்க மாட்டோம்.

வீட்டில்: ஒரு பெட்டி, இன்றைக்கே

நலோக்சோன் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே. நார்கன் என்பது அதன் ஒரு பிராண்டுப் பெயர். 2023 மார்ச்சில் இதை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ அனுமதித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கடைகளுக்கு வந்தது. இரண்டு ஸ்ப்ரே கொண்ட பெட்டி சுமார் 45 டாலர். கலிபோர்னியா அரசு கால்ஆர்எக்ஸ் என்ற தன் சொந்தத் திட்டத்தில் அதையே 24 டாலருக்குத் தருகிறது. 2025 ஏப்ரல் முதல் தனிநபர்களும் அந்த விலைக்கு இணையத்தில் வாங்கலாம். கவுண்டி வைத்திருக்கும் வெண்டிங் மெஷின்களில் இலவசமாகவே கிடைக்கும். முதல் மெஷின் 2023இல் சூலா விஸ்டாவில் ஒரு மறுவாழ்வு மையத்தில் வைத்தார்கள்.

"அக்கா, இதை வாங்கினா நம்ம பேரு எங்கயாவது பதிவாயிடுமா? விசாவுக்குப் பிரச்சனை வருமா?" இந்தக் கேள்விதான் அதிகம் வரும். கையில் காசு கொடுத்து வாங்கினால் பெயரே கேட்க மாட்டார்கள். பாராசிட்டமால் வாங்குவது மாதிரிதான். எங்கள் கவுண்டரில் இதை வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், பாட்டிகள், பேருந்து ஓட்டுநர்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை.

"நம்ம பையன் அப்படியெல்லாம் கிடையாது" என்பது அடுத்த வாசகம். என்னோடு வேலை பார்க்கும் ஒருவருடைய தங்கை மகன், 17 வயது. கால்பந்து ஆடும்போது முழங்காலில் அடி. ஃபோனில் ஒரு ஆப் மூலம் யாரோ ஒருவனிடம் வலி மாத்திரை என்று ஒன்றே ஒன்று வாங்கினான். இரவு பாட்டி அவன் அறையைக் கடக்கும்போது குறட்டைச் சத்தம் கேட்டிருக்கிறது. அசந்து தூங்குகிறான், பாவம், என்று விளக்கை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது குறட்டை இல்லை. மூச்சு அடைபடும் சத்தம். அந்தப் பாட்டி இன்றைக்கும் அந்த விளக்கைப் பற்றித்தான் பேசுகிறார்.

அதனால் இந்த அடையாளங்களை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். எவ்வளவு எழுப்பினாலும் எழாத தூக்கம். மூச்சு மிக மெதுவாக, விட்டுவிட்டு, அல்லது சுத்தமாக இல்லை. தொண்டையில் களகளவென்று நீர் புரளுகிற மாதிரி, அல்லது ஆழ்ந்த குறட்டை மாதிரி ஒரு சத்தம். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். உதடு நீலமாகும் என்று ஆங்கிலக் கையேடுகளில் போட்டிருக்கும். நம் நிறத்துக்கு நீலம் தெரியாது. உதட்டின் உள்பக்கத்தையும் நகத்தடியையும் பாருங்கள், சாம்பல் பூத்த மாதிரி வெளிறியிருக்கும்.

இனி செய்ய வேண்டியது. பெயர் சொல்லிக் கத்துங்கள். விரல்களை மடக்கி, கணுக்களால் நெஞ்செலும்பின் மேல் அழுத்தித் தேயுங்கள். அசையவில்லையா? 911ஐ அழையுங்கள், ஃபோனை ஸ்பீக்கரில் போடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, கழுத்துக்கு அடியில் ஒரு கை கொடுத்துத் தலையைப் பின்னால் சாயுங்கள். ஸ்ப்ரே உறையைப் பிரித்து, முனையை ஒரு மூக்குத் துளைக்குள் உங்கள் விரல்கள் மூக்கில் இடிக்கும்வரை விட்டு, கட்டைவிரலால் அடிப்பகுதியை முழுசாக அழுத்துங்கள். அவ்வளவுதான். அவர் மூச்சை உள்ளிழுக்க வேண்டியதுகூட இல்லை.

ஒரு எச்சரிக்கை. சென்ட் பாட்டில் மாதிரி காற்றில் ஒருமுறை அடித்துச் சோதித்துப் பார்க்காதீர்கள். ஒரு ஸ்ப்ரேயில் இருப்பது ஒரே டோஸ். என் மாமனாருக்குப் பெட்டியைக் காட்டியபோது அவர் விரல் நேராக அங்கேதான் போனது. பெட்டியைத் திறக்காமல் படத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.

மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 விநாடிக்கு ஒருமுறை மூச்சு கொடுங்கள். 911இல் பேசுகிறவர் வழிகாட்டுவார். இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் அடுத்த ஸ்ப்ரேயை மற்ற மூக்குத் துளையில் அடியுங்கள். மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி வரலாம். விழித்ததும் கோபப்படலாம், நடுங்கலாம், "எனக்கு ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று எழுந்து போகப் பார்க்கலாம். விடாதீர்கள். நலோக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் வேலை செய்யும். அது தீர்ந்ததும் உடம்பில் மிச்சமிருக்கும் ஃபென்டனில் மூச்சை மறுபடி நிறுத்தலாம். மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

ஒருவேளை அது ஓவர்டோஸே இல்லை, சர்க்கரை குறைந்த மயக்கம் என்று பிறகு தெரிந்தால்? ஓபியாய்டு (ஃபென்டனில், ஹெராயின் மாதிரியான மருந்து வகை) உடம்பில் இல்லாதவருக்கு நலோக்சோன் கெடுதல் செய்யாது. தயங்க வேண்டாம்.

நம் வீடுகளில் ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் அப்பா அம்மா இருப்பார்கள். பகலில் அவர்களும் பிள்ளைகளும்தான் வீட்டில். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். பெரிய எழுத்தில் 911. அதற்குக் கீழே வீட்டு முகவரி, தமிழ் எழுத்தில். அதற்கும் கீழே இரண்டு சொல்: "நாட் ப்ரீதிங்". மாமியாரை மூன்று நாள் சொல்லவைத்துப் பழக்கினேன். நான்காம் நாள் தோசை ஊற்றிக்கொண்டே தடுமாறாமல் சொன்னார். பெட்டி அந்தத் தாளுக்குப் பக்கத்து இழுப்பறையில், கரண்டிகளோடு இருக்கிறது. பூட்டு கிடையாது. காரில் வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலில் காருக்குள் அது தாங்காது.

பெரியவர்கள் முதுகு வலிக்கென்று ஊரிலிருந்து கொண்டுவரும் மாத்திரைகளில் டிரமடால் கலந்தது இருக்கும். அதுவும் ஓபியாய்டுதான். பல் பிடுங்கிய பிறகு இங்கே எழுதிக்கொடுத்து மிச்சமான மாத்திரையும் அப்படித்தான். எண்ணி, எடுத்து வையுங்கள். தேவை முடிந்ததும் மருந்துக்கடையிலோ ஷெரிப் நிலையத்திலோ மிச்ச மருந்து போடுவதற்கென்று இருக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

போலீஸ் பயம்

911ஐ அழைத்தால் போலீஸும் வரும், பிள்ளை மேல் வழக்கு வரும் என்ற பயத்தில் நேரம் போய்விடுகிறது. 2013 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் சட்டம் இருக்கிறது: ஓவர்டோஸ் ஆன ஒருவருக்காக நல்லெண்ணத்தோடு உதவி கேட்டு அழைப்பவர் மேலும், ஓவர்டோஸ் ஆனவர் மேலும், சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த சிறு அளவுக்காகக் குற்றம் சாட்ட முடியாது. விற்றதற்கோ, போதையில் வண்டி ஓட்டியதற்கோ இந்தப் பாதுகாப்பு கிடையாது. நலோக்சோன் அடித்து உதவியவருக்கும் தனியாகச் சட்டப் பாதுகாப்பு உண்டு. உங்கள் மகனின் நண்பர்களுக்கு இது தெரியுமா? பயந்து போய் நண்பனைப் படுக்கையில் போட்டுவிட்டு ஓடிவிடுகிற பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு யாரும் இந்தச் சட்டத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நாம் சொல்ல வேண்டும்.

கூடவே ஒரு வதந்தியையும் தீர்த்துவிடுவோம். தொட்டாலே, பக்கத்தில் நின்றாலே ஃபென்டனில் ஏறிவிடும் என்று வாட்ஸ்ஆப்பில் வரும் காணொளிகளை நம்பாதீர்கள். தோலில் லேசாகப் பட்டதால் மூச்சு நிற்காது. நச்சியல் மருத்துவர் சங்கங்கள் 2017இலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டன. இந்தப் பயத்தால் கீழே கிடக்கும் ஆளைத் தொடாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். தொடுங்கள், உதவுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொள்ளுங்கள்.

டிஹுவானா மருந்துக்கடைகள்

வார விடுமுறையில் எல்லை தாண்டி மெக்சிகோவின் டிஹுவானா நகருக்குப் போய் மலிவாக மருந்து வாங்கி வருவது எங்கள் ஊரில் பல குடும்பங்களுக்குப் பழக்கம். 2023 தொடக்கத்தில் வடக்கு மெக்சிகோவின் சில மருந்துக்கடைகளில் தனி மாத்திரையாக விற்றதைச் சோதித்த ஆராய்ச்சியாளர்களும் செய்தியாளர்களும் அவற்றில் ஃபென்டனிலையும் மெத் என்ற போதைப்பொருளையும் கண்டுபிடித்தார்கள். அந்த மார்ச்சில் வெளியுறவுத் துறையே பயணிகளுக்கு எச்சரிக்கை விட்டது. வலி, தூக்கம், பதற்றம், கவனக்குறைவு ஆகிய நான்குக்குமான மாத்திரைகளை அங்கே வாங்கவே வாங்காதீர்கள், கடை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி. நலோக்சோன் மெக்சிகோவில் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, கடையில் எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பக்கத்து மக்களுக்கு நம்மைவிட ஆபத்து அதிகம், கையில் மருந்து குறைவு. இது எனக்கு மனசை அறுக்கிற விஷயம்.

பள்ளியில் என்ன கேட்பது

இங்கேதான் ஒரு பெற்றோரால் அதிகம் சாதிக்க முடியும். சட்டம் நம் பக்கம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு போனால் போதும்.

எஸ்பி 10 என்ற 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி, 7 முதல் 12ஆம் வகுப்பு வரை உள்ள பள்ளிகளின் பாதுகாப்புத் திட்டத்தில் ஓபியாய்டு ஓவர்டோஸ் நடந்தால் என்ன செய்வது என்ற வழிமுறை இருக்க வேண்டும். நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு டோஸ் இருக்க வேண்டும் என்று அதே ஆண்டு மாநில பட்ஜெட்டில் 35 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். ஏபி 2998 என்ற சட்டப்படி 12 வயதும் அதற்கு மேலும் ஆன மாணவர்கள் நலோக்சோன் ஸ்ப்ரேயைப் பள்ளிக்குத் தாங்களே கொண்டுபோகலாம். பையைச் சோதித்து அதைப் பறிக்கக் கூடாது.

பாதுகாப்புத் திட்டத்தை ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் மார்ச் 1க்குள் புதுப்பிக்க வேண்டும். அதைப் பெற்றோர் பார்க்கலாம். ஆகவே கேட்க வேண்டிய காலம் நவம்பர், டிசம்பர். மார்ச்சில் போனால் அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்; முதல் வருடம் எனக்கு அப்படித்தான் ஆனது.

முதல்வரைச் சந்திக்க நேரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். கூடவே கேள்விகளையும் எழுதிவிடுங்கள், அப்போதுதான் பதிலோடு உட்காருவார்கள். நான் அனுப்பியவை இவை: நலோக்சோன் எத்தனை இடத்தில் இருக்கிறது? பூட்டப்பட்டிருக்கிறதா? சாவி யாரிடம், அவர் இல்லாத நாளில் யாரிடம்? பயிற்சி பெற்ற ஊழியர்கள் எத்தனை பேர்? விளையாட்டுத் திடலில், மாலைப் பயிற்சி நேரத்தில், ஆட்டத்துக்கு வெளியூர் போகும் பேருந்தில் யார் வைத்திருப்பார்கள்? காலாவதித் தேதி என்ன? "உங்களிடம் மருந்து இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் இருக்கிறது என்ற பதிலோடு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

தனியாகப் போக வேண்டாம். நான் முதல்முறை தனியாகப் போனேன், மரியாதையாகக் கேட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை ஒரு மெக்சிகன் அம்மா, ஒரு பிலிப்பினோ அப்பா, நான், எங்கள் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தும் ஒரு தங்கச்சி என்று நாலு பேர் போனோம். அந்த மெக்சிகன் அம்மா பையிலிருந்து தன் அண்ணன் மகன் படத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. அந்தச் சந்திப்புக்குப் பிறகு ஆறு வாரத்தில், உடற்பயிற்சிக் கூட வாசலில், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி தொங்கும் அதே சுவரில், பூட்டில்லாத ஒரு பெட்டி வந்தது.

அக்டோபர் கடைசியில் பள்ளிகளில் ரெட் ரிப்பன் வாரம் வரும். பிள்ளைகள் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு வருவார்கள். அது நம் எல்லைப் பகுதியில் பிறந்த வழக்கம் என்பது பலருக்குத் தெரியாது. பக்கத்துக் கவுண்டியின் கலெக்ஸிகோ நகரில் வளர்ந்த கீக்கி கமரேனா என்ற போதைத் தடுப்பு அதிகாரி 1985இல் மெக்சிகோவில் கடத்திக் கொல்லப்பட்டார். அவர் நினைவாக அந்த ஊர் மக்கள் தொடங்கியது. அந்த வாரத்தில் ரிப்பனோடு நிறுத்தாமல், பெற்றோருக்கு ஒரு மாலை நலோக்சோன் பயிற்சி வையுங்கள் என்று கேளுங்கள். மறுக்க அவர்களுக்குக் காரணம் இருக்காது.

கவுண்டியில் மைக் முன்னால் நிற்பது

எங்கள் கவுண்டியில் சுமார் 33 லட்சம் பேர். பொதுச் சுகாதாரத்துக்கு யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பவர்கள் 5 மேற்பார்வையாளர்கள். அவர்கள் கூடும் இடம் துறைமுகத்தைப் பார்த்த கவுண்டி நிர்வாகக் கட்டடம். செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் நடக்கும். யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். குடியுரிமை கேட்க மாட்டார்கள், விசா கேட்க மாட்டார்கள். ஓட்டு இல்லாத நம்மில் பலருக்கு ஊராட்சியில் இருக்கும் ஒரே குரல் இந்த மைக்தான்.

1953இல் வந்த பிரவுன் சட்டம் இதற்கு உரிமை கொடுக்கிறது. கூட்ட நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும். அதில் ஓபியாய்டு, நடத்தைச் சுகாதாரம் என்ற சொற்களைத் தேடுங்கள். நிரலில் இல்லாத விஷயத்தையும் பொதுக் கருத்து நேரத்தில் சொல்லலாம். பள்ளி வாரியக் கூட்டத்துக்கும் நகரமன்றத்துக்கும் இதே சட்டம்தான்.

ஆங்கிலம் தடுமாறுகிறவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுகிறவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. மற்றவர்களுக்கு 2 நிமிடம் என்றால் உங்களுக்கு 4. தமிழில் பேசுங்கள், பக்கத்தில் உங்கள் மகளோ தோழியோ நின்று ஆங்கிலத்தில் சொல்லட்டும். நான் ஒருமுறை எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியம்மாவுக்காக அப்படி நின்றேன். அவர் தமிழில் பேசத் தொடங்கியதும் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

2 நிமிடம் என்பது எழுதினால் ஒரு பக்கம்கூட வராது. அதற்குள் நாலே விஷயம்: நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன பார்த்தேன், உங்களிடம் என்ன கேட்கிறேன். "ஏதாவது செய்யுங்கள்" என்று முடிக்காதீர்கள். "மீரா மேசா நூலகத்தில் ஒரு வெண்டிங் மெஷின் வேண்டும்" என்று இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு இடத்தின் பெயரைச் சொன்னால் அதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். கூட்டம் அதிகமென்றால் நேரத்தை 1 நிமிடமாகக் குறைப்பார்கள், அதற்கும் தயாராகப் போங்கள். வேலை நேரத்தில் வர முடியாதவர்கள் கருத்தை எழுதி அனுப்பலாம்.

பணம் இல்லை என்று யாராவது சொன்னால், இழப்பீட்டுப் பணத்தைக் கேளுங்கள். ஓபியாய்டு மாத்திரைகளை மலைமலையாக விநியோகித்ததற்காக மெக்கெசன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் மாநிலங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் 2,600 கோடி டாலர் வரை தர 2022இல் உடன்பாடு இறுதியானது. விநியோக நிறுவனங்களின் தவணை 18 ஆண்டுகள். அதில் எங்கள் கவுண்டிக்கு வருவது சுமார் 10 கோடி டாலர். உடன்பாட்டின்படி குறைந்தது 85 சதவீதத்தை இந்தப் பாதிப்பைச் சரிசெய்யவே செலவழிக்க வேண்டும். சாலை போடுவதற்கு வந்த பணம் இல்லை அது. நாடு முழுக்கப் பல கவுண்டிகளுக்கும் நகரங்களுக்கும் ஒரு பங்கு போகிறது, எங்கே செலவாகிறது என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. இது செத்துப்போன பிள்ளைகள் பேரில் வந்த பணம். ஒவ்வொரு டாலரையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

தமிழ்ப் பள்ளி, கோயில், சங்கம்

மாநிலத்தின் நலோக்சோன் விநியோகத் திட்டம் 2018இல் தொடங்கியது. பள்ளிகள், நூலகங்கள், சமூக அமைப்புகள், வழிபாட்டு இடங்கள் ஆகியவை விண்ணப்பித்தால் இலவசமாக அனுப்பும். சில தாள்கள் கேட்பார்கள்: யார் பொறுப்பு, எங்கே வைப்பீர்கள், எப்படிப் பயிற்சி தருவீர்கள் என்ற ஒரு சிறு கொள்கைக் குறிப்பு. பதிவு பெற்ற சங்கம் என்றால் ஒரு மாலை வேலை. பொங்கல் விழாவுக்கு ஐநூறு பேர் கூடுகிறோம், ஸ்டேஜுக்குப் பின்னால் முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்திரியும் அமிர்தாஞ்சனும் இருக்கிறது. அதோடு இதையும் வைப்போம்.

மாத்திரையில் ஃபென்டனில் இருக்கிறதா என்று சோதிக்கும் தாள்பட்டையான டெஸ்ட் ஸ்ட்ரிப் பற்றியும் கேட்கிறார்கள். 2023 ஜனவரி முதல் அது கலிபோர்னியாவில் சட்டபூர்வம். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் ஒன்று சொல்லிக் கொடுங்கள்: வெண்பொங்கலில் ஒரு வாயில் மிளகே இருக்காது, அடுத்த வாயில் நாலு கடிபடும். போலி மாத்திரையில் ஃபென்டனில் கலந்திருப்பதும் அப்படித்தான். ஒரு ஓரத்தைக் கிள்ளிச் சோதித்து இல்லை என்று வந்தால் மொத்த மாத்திரையிலும் இல்லை என்று அர்த்தமில்லை.

மற்ற எல்லை ஊர்களில்

அரிசோனாவில் 2021 முதல் டெஸ்ட் ஸ்ட்ரிப் அனுமதி உண்டு. 911 அழைப்பவருக்கான சட்டம் 2018இல் வந்தது. டெக்சஸில், எல் பாசோ, லாரெடோ பக்கம் இருப்பவர்கள் கவனிக்க: 2023இல் ஸ்ட்ரிப்பை அனுமதிக்கும் மசோதாவைக் கீழவை நிறைவேற்றியும் மேலவையில் நின்றுபோனது. 911 அழைப்பவருக்கான பாதுகாப்பும் அங்கே குறுகியது, விதிவிலக்குகள் பல. அதற்காக அழைக்காமல் இருந்துவிடாதீர்கள். நலோக்சோன் எல்லா மாநிலங்களிலும் சீட்டில்லாமல் கிடைக்கும்.

ஏற்கெனவே பழக்கம் இருந்தால்

2024 நவம்பரில் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு ஃபென்டனில் விற்பவர்களுக்குத் தண்டனையைக் கூட்டினார்கள். விற்பவனைப் பிடிக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பழக்கத்தில் விழுந்த பிள்ளைக்குத் தேவை மருத்துவர். பியூப்ரெனார்ஃபின் என்ற மருந்து ஏக்கத்தை அடக்கி, ஓவர்டோஸ் சாவைப் பாதியாகக் குறைக்கும் அளவுக்கு உதவுகிறது. 2022 டிசம்பரில் வந்த சட்டத்துக்குப் பிறகு அதை எழுத மருத்துவருக்குத் தனி அனுமதி தேவையில்லை. உங்கள் குடும்ப மருத்துவரே எழுதலாம். "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா" என்று நம் வீடுகளில் கேட்பார்கள். நான் தினமும் அந்த மருந்தைக் கொடுக்கிறேன். வாங்குகிறவர்கள் வேலைக்குப் போகிற உடையில் வருகிறார்கள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

சான் டியாகோவில் 1-888-724-7240 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம், சிகிச்சைக்கு வழி சொல்வார்கள். எந்த ஊரிலிருந்தும் 988, மன நெருக்கடிக்கான உதவி எண். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ் இன்டர்ப்ரெட்டர்" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

கடைசியாகத் தேதி. பெட்டியின் ஓரத்தில் காலாவதி மாதம் அச்சிட்டிருக்கும். 2024 முதல் தயாரான 4 மில்லிகிராம் நார்கன் 4 ஆண்டு வரை இருக்கும். ஃபோனில் அந்த மாதத்துக்கு ஒரு நினைவூட்டல் போடுங்கள். உங்கள் பெட்டிக்கு ஒன்று, பள்ளிச் சுவரில் இருக்கும் பெட்டிக்கு ஒன்று. இரண்டாவதைப் பள்ளியில் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.